ஒரு பெட்டி புதினா எண்ணெய்

ஆம்பூரில் வயிற்று நிம்மதியின் விலை நாளொன்றுக்கு எண்பத்து நான்கு ரூபாய். வேளைக்கு ஒன்றாக மூன்று மாத்திரை, ஒன்று இருபத்தெட்டு, வரி உட்பட. அதைக் குறைத்துக் கேட்டவர்கள் பலர். குறைத்து வாங்கியவர் ஆபித் பாஷா ஒருவர்தான். பேரம் படிந்ததே என்று இப்போதே யாரும் அவரைப் பாராட்டிவிட வேண்டாம்.

ஆபித் பாஷாவுக்கு ஸ்டாக் லாட் வியாபாரம். நிறம் தப்பியது, ஆர்டர் ரத்தானது, வெளிநாட்டுக்காரன் மூக்கைச் சுளித்தது என்று தோல் கம்பெனிகளில் ஏற்றுமதிக்குப் போகாமல் தங்கிவிட்ட பதனிட்ட தோலையெல்லாம் மொத்தமாக ஒரு விலை பேசித் தூக்குவார். பிறகு பர்ஸ் தைப்பவர்களுக்கும் செருப்பு தைப்பவர்களுக்கும் பிரித்து விற்பார். இந்த வியாபாரத்தில் கண்ணை நம்பினால் கடையைக் கட்ட வேண்டியதுதான். அடுக்கில் மேலே இருக்கும் நாலு தோல் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அதற்காகவே வலது கட்டைவிரல் நகத்தைக் கொஞ்சம் நீளமாக விட்டிருந்தார். தோலின் மேல்பூச்சை அந்த நகத்தால் ஒரு கீறு கீறுவார். பூச்சு கனமாக இருந்தால் அடியில் முள் கிழித்த தழும்போ உண்ணி கடித்த பொத்தலோ இருக்கிறது என்று அர்த்தம். நல்ல தோலுக்கு எவன் காசைக் கொட்டி வண்ணம் பூசுவான்?

அவருக்கு இருந்த ஒரே எதிரி அவருடைய வயிறு. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை எந்தக் கம்பெனியில் கக்கூஸ் எந்த மூலையில் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். விற்கிறவர்களுக்கும் இது தெரிந்துபோயிற்று. பேரம் இறுகும்போது, "பாய்க்கு இன்னொரு டீ சொல்லுப்பா, பால் ஜாஸ்தியா" என்பார்கள். டீ உள்ளே போய்க் கால் மணி நேரத்தில் ஆபித் பாஷாவின் முகம் வெளிறும். அடிவயிற்றை யாரோ ஈரத் துணியாகப் பிழிவார்கள். அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டால் அப்போது சொல்லுகிற விலைதான் விலை. இப்படிக் கக்கூஸுக்குப் போகிற அவசரத்தில் அவர் விட்டுக்கொடுத்த பணத்தில் ஒரு மாடி கட்டியிருக்கலாம்.

கடைசியில் வேலூரில் ஒரு குடல் டாக்டரிடம் போனார். அவர் ரத்தம் பார்த்தார், குழாய் விட்டுப் பார்த்தார். பிறகு, "புண் இல்லை, கட்டி இல்லை. உங்க குடல் சும்மாவே முறுக்கிக்குது. இதுக்கு ஐ.பி.எஸ்.னு பேரு. உயிருக்கு ஆபத்து கிடையாது, ஆனா தொல்லை போகாது" என்றார். பெப்பர்மின்ட் எண்ணெய் மாத்திரையை இரண்டு மாதத்துக்கு எழுதிக் கொடுத்து, முடிந்ததும் வந்து காட்டச் சொன்னார்.

வீட்டில் அன்வரி பேகம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாங்க இது, புதினா எண்ணெயா? கட்டு பத்து ரூபாய்க்கு வாசல்ல வருது. சட்னிக்கு இந்த வெலையா?"

ஆபித் பாஷாவின் கவலை வேறு. மாத்திரையை உள்ளங்கையில் உருட்டினார். மேலே வழவழவென்று கெட்டியான பூச்சு. கட்டைவிரல் நகம் தானாகவே எழுந்தது. "பாத்தியா, கோட்டிங். இன்னாத்தையோ மறைக்கறான்."

"மாத்திரையைக்கூட லாட் பாக்கறீங்களே, அல்லாவே" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அன்வரி.

பூச்சை நகத்தால் உரித்தார், பல்லால் கடித்தார், உள்ளே இருந்த எண்ணெயைச் சுடச்சுட டீயில் பிழிந்து குடித்தார். நெஞ்சில் அடுப்பு பற்றிக்கொண்டது. அரை நாள் ஏப்பம் விட்டார். ஒவ்வொரு ஏப்பத்துக்கும் வீடு மிட்டாய்க் கடை மாதிரி மணந்தது. மறுநாள் கொஞ்சம் புத்தியாக இருப்போம் என்று முழு மாத்திரையை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற வெள்ளை மருந்தோடு சேர்த்தே விழுங்கினார். மறுபடியும் அதே அடுப்பு. மூன்றாம் நாள் மிச்ச அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காசைத் திருப்பி வாங்க பஜார் மெடிக்கலுக்குப் போனார்.

அங்கே சங்கீதா இருந்தாள். மருந்தாளுநர் படிப்பு படித்தவள். பத்து வருடமாக ஆபித் பாஷாவோடு தள்ளுபடி பேசிப் பேசி, அவரைவிட நன்றாகப் பேரம் பேசக் கற்றிருந்தாள்.

"சங்கீதாம்மா, இது டூப்ளிகேட்டு. எடுத்துக்க."

"எப்டி சாப்ட்டீங்க?"

"கடிச்சிதான். மறுநா முழுசா, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கற வெள்ள மருந்தோட."

"கடிச்சீங்களா? எதுக்கு பாய்?"

"உள்ள இன்னா இருக்குதுன்னு பாக்க வேணாமா? மேல அவ்ளோ கோட்டிங் போட்டிருக்கான்."

சங்கீதா கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தாள். "அந்தக் கோட்டிங்தான் பாய் மருந்தே. அது இல்லன்னா எண்ணெய் இரைப்பையிலயே ஒடஞ்சி நெஞ்சுக்கு ஏறும். கோட்டிங் இருந்தா கொடல் வரிக்கும் போயி அங்க தொறக்கும். உங்களுக்கு வலி எங்க, நெஞ்சிலயா?"

"வயித்துல."

"அப்ப அங்க போற வரிக்கும் வழியில யாரும் பிரிக்கக்கூடாது. முழுசா முழுங்குங்க, பச்சத் தண்ணியில. சாப்பாட்டுக்கு அரை மணி முக்கா மணி முன்னாடி. அந்த வெள்ள மருந்து சேத்துக் குடிச்சீங்களே, அது கோட்டிங்கக் கரைச்சி விட்டுடும். ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரமாவது உடுங்க. பித்தப்பையில கல்லு கில்லு இருக்குதா?"

"எனக்கு இருக்கற கல்லு மோதிரத்துல இருக்கற கல்லுதான்."

"அதுவும் டூப்ளிகேட்டுன்னு எனக்குத் தெரியும், போங்க" என்றாள். காசைத் திருப்பித் தரவில்லை.

சொன்னபடி விழுங்கினார். ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒருநாள் ராணிப்பேட்டைக் கம்பெனி ஒன்றில் மூன்றாவது டீயையும் குடித்துவிட்டு அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே முதலாளி வெறித்துப் பார்த்தார். நாலாவது டீ வந்தது. முதலாளிக்குச் சர்க்கரை வியாதி. அவர்தான் முதலில் எழுந்து போனார். திரும்பி வந்தவர் கிலோவுக்குப் பதினைந்து ரூபாய் இறங்கினார்.

அன்று முதல் ஆபித் பாஷா அந்த மாத்திரையின் தூதுவர். தொழுகைக்கு வந்தவர்களிடம் சொன்னார், லாரி ஓட்டுநர்களிடம் சொன்னார், வயிற்றில் ஒரு குறையும் இல்லாதவர்களிடமும் சொன்னார். அடுத்தது எந்த வியாபாரிக்கும் தோன்றுவதுதான் அவருக்கும் தோன்றியது. இருபத்தெட்டு ரூபாய்ச் சரக்கைச் சில்லறையில் வாங்குகிறவன் முட்டாள்.

"பொட்டியா குடும்மா. இன்னா ரேட்டு போடற?"

"பொட்டியா வெச்சிக்க இது பருப்பு இல்ல பாய். டாக்டர் ரெண்டு மாசம்தான் எழுதிருக்காரு. முடிஞ்சதும் காட்டணும். அவரு பாக்காம மாசக்கணக்கா இழுக்கற மாத்திரை இல்ல இது."

அவளிடம் நடக்காது என்று தெரிந்ததும் வேலூரில் ஒரு மொத்த வியாபாரியைப் பிடித்தார். டாக்டர் சீட்டு கேட்கவில்லை, பெட்டியாக எடுத்தால் மாத்திரை ஒன்று பத்தொன்பது ரூபாய். டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் அடுக்களை அலமாரியில் பெட்டி உட்கார்ந்தது. ஆனால் அவருடைய வயிறு இப்போது அடங்கிவிட்டிருந்தது. மூன்று வேளை இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. பெட்டியில் பாதிக்கு மேல் அப்படியே நின்றது. விற்காமல் நிற்கிற சரக்கைத் தினமும் கண்ணெதிரே பார்ப்பது அவருக்கு நெஞ்செரிச்சலைவிடப் பெரிய எரிச்சல்.

அந்தச் சமயத்தில்தான் அன்வரிக்கு வயிறு வலித்தது.

அன்வரி பேகத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அதுவரை வயிறு என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. கல்யாண வீட்டு பிரியாணியை மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு, மற்றவர்கள் சோடா தேடும்போது பாயைச் சுருட்டி வைக்கிறவள். ரமலானுக்கு இரண்டு மாதம் முன்னால், ரஜபு மாதம் பிறந்து சில நாளில், விடியற்காலையில் இரண்டு மூன்று தடவை அவள் எழுந்து போவது ஆபித் பாஷாவின் காதில் விழுந்தது. இடது பக்க அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கிறது என்றாள். பிறகு மூன்று நாள் போகவே இல்லை என்றாள். மறுபடி நாலு தடவை.

"எனக்கும் இப்டித்தான்!" என்றார் ஆபித் பாஷா. குரலில் சந்தோஷம் இருந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடக் குடும்பத்தில் அவருடைய நோயில் பங்குக்கு ஆள் கிடைத்தது இதுதான் முதல் தடவை. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு அட்டையைக் கொண்டுவந்தார். எப்படி விழுங்குவது என்பதைச் சங்கீதா சொன்னதில் ஒரு எழுத்து பிசகாமல் சொல்லிக் கொடுத்தார். கடிக்காதே, உடைக்காதே, சாப்பாட்டுக்கு முன்னால், வெள்ளை மருந்தோடு சேர்க்காதே. விழுங்குகிற முறையில் ஒரு தப்பும் இல்லை.

அன்வரி அட்டையைப் பார்த்தாள். "உங்க வயித்துக்கு வேலூர் டாக்டரு, கொழா உட்டுப் பாத்து, டெஸ்ட் எடுத்து, அப்புறம் மாத்திரை. என் வயித்துக்கு அலமாரியில மிஞ்சினதா?"

"ஒரே வலிக்கு எதுக்கு ரெண்டு தரம் பீஸ் அழுவணும்? அவரு எனக்குச் சொன்னதத்தான் உனக்கும் சொல்லப் போறாரு."

அன்வரி கேட்டது கிண்டலாகத்தான். ஆனால் அவளும் பேர்ணாம்பட்டில் உப்புத்தோல் வியாபாரியின் மகளாகப் பிறந்தவள். கொடுக்காத பீஸ் மிச்சம் என்பது அவளுக்கும் இனித்தது. அது தவிர, அந்தக் குழாய் எந்த வழியாகப் போகும் என்று ஆபித் பாஷா கை கால் ஆட்டி விவரித்திருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டாள்.

வலி குறைந்தது. குறையாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இழுத்துப் பிடிப்பது அடங்கிற்று, இரவில் தூங்கினாள். "பாத்தியா?" என்றார் ஆபித் பாஷா. "சரி, சரி, டாக்டர் சாப்" என்றாள் அவள். அலமாரியில் நின்ற சரக்கு நகர ஆரம்பித்தது.

அடுத்த மாதம், ஷாபானில் ஒருநாள், வேலைக்காரி தேய்த்து வைத்த பாத்திரத்தை எடுக்கும்போது அன்வரியின் வளையல் கையிலிருந்து நழுவிச் சிங்கில் விழுந்தது. சோப்புத் தண்ணீர் போட்டு இழுத்தாலும் வராத வளையல் அது. "இளைச்சிட்டே, நல்லதுதான்" என்றார் அவர். அந்த வாரமே, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ரெண்டு நாளா ரத்தம் பட்டாப்பல இருக்குதுங்க. மூலம்னு நெனைக்கறேன்" என்றாள்.

"காரத்தக் கம்மி பண்ணு. களிம்பு வாங்கியாறேன்."

களிம்பு வாங்கப் போனதால்தான் விஷயம் சங்கீதாவுக்குத் தெரிந்தது.

"யாருக்கு பாய், உங்களுக்கா?"

"வீட்ல. அவளுக்கும் என்னோட வயிறுதான். மாத்திரை குடுத்துக்கினு இருக்கேன். நீ சொன்ன மாதிரியேதான், முழுசா."

சங்கீதாவின் கை களிம்பை எடுக்காமல் நின்றது. "யாரு டாக்டரு எழுதினது?"

"எனக்கு எழுதினதுதானே…"

"அம்மாவுக்கு இன்னா வயசு?"

"அம்பத்திரெண்டு."

"முன்னாடி இந்த மாதிரி எப்பவாவது இருந்திருக்குதா?"

"இல்ல. இப்பதான். ஒண்ணரை மாசமா."

"எடை?"

"கொஞ்சம் எறங்கிருக்கா."

அவள் கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். அதுவரை அவள் அப்படி வந்ததில்லை. கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள், அதனால் தாழ்ந்த குரலில் பேசினாள். "பாய், காதக் குடுத்துக் கேளுங்க. உங்களுக்கு மாத்திரை எழுதறதுக்கு முன்னாடி அந்த டாக்டரு எல்லாத்தையும் பாத்தாரு. பாத்துட்டுதான் வெறும் முறுக்கல்னு சொன்னாரு. அம்மாவ யாரும் பாக்கல. அம்பதுக்கு மேல புதுசா வயிறு மாறினா, ரத்தம் வந்தா, எடை எறங்கினா, அது மூலமா வேற ஏதாவதான்னு மொதல்ல பாக்கணும். இந்த மாத்திரை வலிய அமுக்கி வெச்சிடும். உள்ள இருக்கறத ஒண்ணும் பண்ணாது. நிறுத்திட்டு இன்னிக்கே கூட்டிக்கினு போங்க."

"நாலு நாள்ல நோன்பு வந்துடும்மா. பெருநாள் முடியட்டும்…"

"நோயாளிக்கு நோன்பு கட்டாயம் இல்லன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? இன்னிக்கே போங்க பாய்."

களிம்பின் விலையில் அவர் அன்று ஐந்து ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. பயந்திருந்தார். ஆனால் பஜாரிலிருந்து வீட்டுக்கு நடக்கிற தூரத்தில் பயத்தோடு பேரம் பேச ஆரம்பித்தார். சின்னப் பெண், மருந்து விற்கிறவள். பெரிதாகச் சொல்வது அவள் தொழில். வாணியம்பாடியில் ஒரு லாட் பேசி முடிக்க வேண்டியிருக்கிறது. வலி குறைந்துதானே இருக்கிறது? வீடு வந்து சேர்வதற்குள் விலை படிந்துவிட்டது.

"சங்கீதா இன்னா சொல்லுச்சு?" என்று கேட்டாள் அன்வரி.

"ஒரு தரம் டாக்டர்ட்ட காட்டிக்கிட்டா நல்லதுன்னு சொல்லுச்சு. பெருநாள் முடியட்டும், போவலாம்."

"ஆமா. முபஷ்ஷிராவும் வந்துடுவா" என்றாள் அவள், மகள் வரப்போகிற நிம்மதியில். 'இன்னிக்கே' என்ற சொல்லை அவர் வழியிலேயே தள்ளுபடி செய்துவிட்டது அவளுக்குத் தெரியாது.

ரமலானில் எல்லோரும் இளைப்பார்கள். எல்லோர் கண்ணுக்கும் கீழே கருப்பு விழும். அதனால் அன்வரியை யாரும் பார்க்கவில்லை. விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கு எழுந்து மற்றவர்களுக்குச் சோறு போடுவாள், தானும் ஒரு மாத்திரையை விழுங்கி இரண்டு வாய் சாப்பிடுவாள், அதற்குமேல் இறங்கவில்லை என்பாள். நோன்பு திறக்கிற கஞ்சி மட்டும் போதும் என்றாள். மாலையில் மொட்டை மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று, யாரோ கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்த்து மூச்சு வாங்கிக்கொள்வாள். ஆபித் பாஷா ஒவ்வொரு நாளும் அவளைப் பார்த்தார். ஒவ்வொரு நாளும், இன்னும் இத்தனை நாள்தான் என்று பெருநாளை எண்ணினார்.

மகள் முபஷ்ஷிரா ஓசூரில் வாழ்க்கைப்பட்டவள். பெருநாளன்று காலையில்தான் வந்தாள். வாசலில் அம்மாவைக் கட்டிப்பிடித்தவள் விடவே இல்லை. கட்டிப்பிடித்தபடியே அவளுடைய முதுகு எலும்பைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"அம்மி, இன்னா ஆச்சு உனக்கு?"

"நோன்புதான், வேற இன்னா? உங்கப்பா வைத்தியம் நடக்குது" என்று சிரித்தாள் அன்வரி. சேமியாவைக் கிளறப் போனாள். கரண்டியைப் பிடித்தபடி அடுப்பு மேடையில் சாய்ந்து, மெதுவாக, துணி நழுவுகிற மாதிரி தரையில் உட்கார்ந்தாள்.

தண்ணீர் தெளித்துப் படுக்க வைத்தபிறகு முபஷ்ஷிரா அலமாரியைத் திறந்தாள். பெட்டி கிட்டத்தட்ட காலி. "அப்பா, எத்தன நாளா இத முழுங்கறாங்க?"

"வலிக்கு நல்லா கேக்குதும்மா…"

"டாக்டர் யாரு பாத்தது?"

புதுச் சட்டையோடு, அத்தர் வாசனையோடு, ஆபித் பாஷா நின்றார். பிறகு வண்டிக்குச் சொல்லப் போனை எடுத்தார்.

வேலூரில் அதே டாக்டர். ரத்தம் பார்த்ததும் அட்மிட் செய்யச் சொன்னார். அவள் பயந்த குழாய் பரிசோதனை நடந்தது. பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை, தூங்கிப்போய்விட்டேன் என்றாள் அவள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அப்பாவையும் மகளையும் மட்டும் அறைக்குள் கூப்பிட்டார்.

பெருங்குடலின் இடது பக்கத்தில் கட்டி. வழியை முக்கால்வாசி அடைத்துவிட்டது. கல்லீரலில் புள்ளிகள், பல. அடைப்பு முற்றுவதற்குள் ஆபரேஷன், பிறகு மருந்து ஏற்றுவது. "காலத்தைக் கொஞ்சம் நீட்டலாம்" என்றார் டாக்டர்.

"அந்த மாத்திரையாலயா சார்?" என்று கேட்டார் ஆபித் பாஷா.

"இல்ல. அதுல பழி போடாதீங்க. உங்களுக்கு அது சரியான மருந்து. அவங்களுக்கு இருந்தது உங்க வியாதி இல்ல. வலி கம்மியானதால யாரும் தேடல, அவ்ளோதான்."

"மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா?"

டாக்டர் மேஜை மேல் இருந்த ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டார். "அத இப்ப சொல்லி ஒண்ணும் ஆவப்போறதில்ல பாய்."

மூன்று மாதத்துக்கு இவ்வளவு, இரண்டு மாதத்துக்கு இவ்வளவு என்று ஏதாவது ஒரு விலை சொல்லியிருந்தால் ஆபித் பாஷா தாங்கியிருப்பார். விலை சொல்ல மறுக்கிற ஆளிடம் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வெளியே வந்ததும் முபஷ்ஷிரா முகத்தைக் கழுவிக்கொண்டாள். கட்டி என்று மட்டும் அம்மியிடம் சொல்வோம், எடுத்தால் சரியாகிவிடும் என்போம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். அன்வரி கேட்டுக்கொண்டாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம், மகள் காபி வாங்கக் கீழே போயிருந்தபோது ஆபித் பாஷா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஜிப்பாவின் உள்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இன்னாது?"

"மஹரு."

நிக்காஹ் அன்று மாப்பிள்ளை பெண்ணுக்குத் தருவதாக ஒப்புக்கொள்கிற பணம். இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால், பதினோராயிரம் என்று சபையில் ஒப்புக்கொண்டு ஆபித் பாஷா கையெழுத்துப் போட்டிருந்தார். அப்புறம் கொடுத்தால் ஆயிற்று, வீட்டிலேதானே இருக்கிறாள் என்று விட்டது. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் விடுவார்கள். சிலர் கடைசிக் காலத்தில் மன்னிக்கச் சொல்லிக் கேட்பார்கள், பெண்களும் மன்னித்துவிடுவார்கள். கடனை வைத்துக்கொண்டு அவளை ஆபரேஷன் அறைக்குள் அனுப்பக் கூடாது என்பது மட்டுமே இரண்டு நாளாக அவர் தலையில் ஓடியது. அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை.

அன்வரி கவரைப் பிரித்தாள். ஊசி குத்தியிருந்த கையை மடக்காமல், மற்றக் கையின் விரலை நாக்கில் தொட்டு நோட்டுகளை எண்ணினாள். அவசரப்படாமல் எண்ணினாள்.

"சரியா இருக்குது. அன்னிக்கு இதுல ரெண்டே முக்கா சவரன் வந்திருக்கும். எங்கப்பா கணக்குப் போட்டுச் சொன்னாரு. இன்னிக்கு ஒரு மூக்குத்தி வாங்கினா, மிச்சம் ஆட்டோக்கு ஆவும்."

"ஜாஸ்தி வேணும்னா…"

"வேணாம். பேசினது பேசினதுதான்." நோட்டுகளைக் கவரில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "டாக்டர் இன்னா சொன்னாரு?"

"கட்டிய எடுத்துட்டா சரியாப் பூடும்னு…"

"சரியாவற பொண்டாட்டிக்கு யாருங்க இவ்ளோ அவசரமா மஹர் குடுப்பாங்க?"

ஆபித் பாஷா வாயைத் திறந்தார். கிழிந்த தோலையும் சாயம் போன தோலையும் எத்தனையோ பேரிடம் சத்தியம் பண்ணி விற்ற வாய் அது. ஒரு பொய்கூட அகப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்துக் கட்டில்காரியின் டிபன் கேரியர் மூடி எங்கோ உருண்டு விழுந்து சத்தம் போட்டது.

"அழுவாதீங்க. பக்கத்துல பாக்கறாங்க" என்றாள் அன்வரி. அவள் கண் வறண்டுதான் இருந்தது. "மொதல்லயே வந்திருந்தா சரியாயிருக்குமா?"

"தெரியல. அவரு சொல்ல மாட்டேங்கறாரு."

"ரஜபு, ஷாபான், ரமலான். மூணு மாசம்." ஒவ்வொரு விரலாக மடக்கினாள். "நீங்க மட்டும் இழுக்கல. நானும்தான் பயந்துக்கினு உக்காந்தேன். பீஸ் மிச்சம்னு எனக்கும் ருசியாத்தான் இருந்தது. பாதி என் கணக்கு. போட்டுக்கங்க."

எழுந்து போய்விடலாம் என்று ஆபித் பாஷாவுக்கு இருந்தது. பாதி விலைக்குப் படிந்துவிட்டது. எந்த வியாபாரியும் அதோடு கைகுலுக்கி எழுந்துவிடுவான். அவர் எழவில்லை.

"ரமலானுக்கு முன்னாடியே சங்கீதா சொல்லுச்சு" என்றார். "மாத்திரைய நிறுத்திட்டு இன்னிக்கே கூட்டிக்கினு போங்கன்னுச்சு. வயசு, ரத்தம், எடை, எல்லாம் கேட்டுச்சு. நாந்தான் உங்கிட்ட 'இன்னிக்கே'ன்னு சொல்லல."

அன்வரி விரல்களைப் பிரிக்கவில்லை. மடக்கிய மூன்று விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முபஷ்ஷிரா காபியோடு வந்து, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"சரி" என்றாள் அன்வரி கடைசியாக. கோபம் இல்லாத, கடை சாத்துகிற நேரத்துக் குரல். "அப்ப ரமலான்ல எனக்குப் பங்கு இல்ல. ரஜபும் ஷாபானும் ஆளுக்குப் பாதி, உங்க பேர்ல ஒரு மாசம். ரமலான் முழுசும் உங்க பேர்ல. மஹர் பதினோராயிரம், வரவு. ரெண்டு மாசம் நீங்க எனக்குப் பாக்கி."